முன்னால் கேட்ட மூச்சு

செப்டம்பர் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், வாடகைக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில், துணி வைக்கும் அறையாக இருந்து ஒலிப்பதிவுக் கூண்டாக மாறிய இடத்தில், ஒரு பெண் வசனம் பேசுவதற்காக மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு ஹெட்போனில் முதலில் கேட்டது. பிறகுதான் அவள் நெஞ்சு விரிந்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைக்கோடு இணைத்த பெட்டி புதிது, காதுதான் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அதுவரை அவளுடைய குரல் எப்போதும் அவளுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது.

டப்பிங் வட்டாரத்தில் அவளுக்குக் கிளி என்று பெயர். யார் எப்படிப் பேசினாலும் ஒருமுறை கேட்டால் போதும், அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லிவிடுவாள். வேற்றுமொழித் தொடர் ஒன்றில் வரும் பெண் போலீஸ் அதிகாரிக்கு இரண்டு வருடங்களாக அவள்தான் குரல். வீட்டிலிருந்தே பதிவுசெய்து அனுப்ப ஆரம்பித்த பிறகு சிக்கல் வந்தது. மைக்கில் பேசியது கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றிவிட்டு ஹெட்போனுக்கு வருவதற்குள் ஒரு சிறு தாமதம். கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் தன் குரலையே சற்றுப் பிந்திக் கேட்கிற வாய், தன்னை அறியாமல் அதற்காகக் காத்திருக்கிறது, இழுக்கிறது, குழறுகிறது. திரையில் நடிகை உதட்டை மூடிய பிறகும் கிளியின் கடைசி எழுத்து தொங்கிக்கொண்டிருந்தது.

"கிளி, அந்தம்மா பேசி முடிச்சு, கார்ல ஏறி, வீட்டுக்கே போயிட்டாங்க. நீ இன்னும் பேசிட்டிருக்க," என்றார் டப்பிங் இன்சார்ஜ் போனில். பிறகு குரலைத் தணித்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள நாலு எபிசோடும் சுத்தமா வரணும்மா. இல்லைன்னா வேற ஆள் போட்டுடுவாங்க. நான் சொல்லியெல்லாம் நிக்காது."

கம்ப்யூட்டர் கடைக்காரர் விளக்கம் சொன்னார். "பஃபர்ங்கிறது ஒரு பாத்திரம் மேடம். சத்தத்தை அதுல ரொப்பி ரொப்பித்தான் கம்ப்யூட்டர் வாங்கிக்கும். பாத்திரம் பெருசுன்னா ரொம்ப நேரமாகும், அதான் உங்க குரல் லேட்டா வருது. சின்னதா வெச்சீங்கன்னா இந்தக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும்." அவர் சொன்னது சரிதான். பஃபரை 512இல் வைத்தால் குரல் சுத்தம், ஆனால் தாமதம். 64க்கு இறக்கினால் தாமதம் குறையும், ஆனால் ஒவ்வொரு சொல்லின் நடுவிலும் காய்ந்த சுள்ளி முறிவதுபோல் சடசடப்பு. மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியை மாற்றாமல் வழியில்லை என்றார் கடைக்காரர். நல்ல இன்டர்ஃபேஸ் என்று அவர் காட்டியது எதுவும் அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. பழைய பொருள் விற்கும் தளத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது.

விற்பவர் ஒரு மேடைப் பாடகர். போனில் தேனாகப் பேசினார். "தாராளமா வாங்க, உங்களுக்காகவே எடுத்து வெச்சிருக்கேன்," என்றார். நேரில் போனபோது கதவைத் திறந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார், பெட்டியை அவள் கையில் திணித்தார், பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். வாயே திறக்கவில்லை. 'என்ன மனுஷன்' என்று எண்ணியபடி படியிறங்கியவளின் பின்னால், மூடிய கதவுக்கு உள்ளிருந்து, "பார்த்துப் போங்க, படி வழுக்கும்," என்று அதே தேன் குரல் கேட்டது.

கறுப்பு உலோகப் பெட்டி. பெயர்த் தகடு பிய்க்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டரில் அதன் அமைப்புகளைத் திறந்தால் பஃபர் அளவை மாற்றும் வழக்கமான நகர்த்தி: 512, 256, 128, 64, 32. 32க்கும் கீழே இன்னொரு கோடு இருந்தது. அதற்கு எண் எழுதியிருக்கவில்லை. 32இல் சடசடப்பு இல்லை, ஆனால் தாமதத்தின் நிழல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கெடு அவளைத் துரத்தியது. நகர்த்தியைக் கடைசிவரை தள்ளினாள்.

வேலை போனால் போவது வேலை மட்டும் அல்ல. அவள் கணவன் கூரியர் கிடங்கில் இரவுப்பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவன். எட்டு வயது மகள் பள்ளிவிட்டு வந்து ஒரு பென்சிலைக் கீழே போட்டாலும் அவனுக்குத் தூக்கம் கலைந்துவிடும். அவனுடைய அக்கா வெளியூரில் ஓர் உறைவிடப் பள்ளியில் வார்டன். "ஒருத்தன் தூங்கணும், ஒருத்தி கத்தணும், நடுவுல ஒரு வாண்டு குதிக்கணும். இது வீடா, ரயில்வே ஸ்டேஷனா?" என்பான். "நீ வீட்ல இருந்து வேலை பாக்குறவரைக்கும் குட்டி இங்க இருக்கட்டும். இந்த வேலை போயி, மறுபடி ஸ்டூடியோ அது இதுன்னு கிளம்புனேன்னா, அன்னைக்கே அக்காகிட்ட ஹாஸ்டல். அப்புறம் கண்ணைக் கசக்கிட்டு வந்து நிக்காத."

கூண்டு அவன் கட்டிக்கொடுத்ததுதான். சுவரெல்லாம் பஞ்சுமெத்தை, கதவில் இரண்டடுக்கு ரப்பர். கனமான கதவு தானாக இறுகாது என்பதால் வெளியிலிருந்து தாழ் போட்டால்தான் தெருச்சத்தம் அடங்கும். உள்பக்கக் கைப்பிடி அவள் ஓங்கிப் பேசும்போதெல்லாம் கிணுகிணுவென்று நடுங்கிப் பதிவில் விழுந்ததால் அதைக் கழற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டரின் விசிறி இரையும் என்று அதையும் இன்டர்ஃபேஸ் பெட்டியையும் ஹாலில் வைத்து, சுவரில் துளைபோட்டு வயர்களை மட்டும் உள்ளே விட்டிருந்தான். உள்ளே ஒரு மைக், ஹெட்போன், சிறிய திரை, மவுஸ். பதிவில் இரையும் என்று போனையும் ஹாலிலேயே வைத்துவிடுவாள். அவள் மைக்கில் பேசுவது ஹாலில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். ஹாலில் இருப்பவர்கள் பேசுவது மேசை மைக் வழியாக அவள் ஹெட்போனுக்கு வரும். வேலை முடிந்ததும் "முடிஞ்சுது, திறங்க" என்பாள். மகளோ கணவனோ வந்து தாழை நீக்குவார்கள். கூண்டிலிருந்து வெளியே போக அவளுடைய குரலுக்கு அந்த ஒரு வழிதான்.

புதன்கிழமை அவள் ஒரே ஓட்டத்தில் பதியும் டேக் எதையும் இரண்டாம் முறை பேச வேண்டியிருக்கவில்லை. பஞ்சுமெத்தையின் புழுக்கமும் ரப்பரின் கசந்த வாடையும் மைக்கின் வலைத்துணியில் ஒட்டிக் காய்ந்த தன் எச்சில் மணமும் சூழ்ந்த அந்த இருட்டில், திரையில் நடிகையின் உதடு பிரிவதற்குச் சற்று முன்பாகவே ஹெட்போனில் அவளுடைய குரல் தொடங்கியது, அவளுடைய வாய் அதன் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போனது, யாரோ முன்னால் நடந்து பாதையைத் துடைத்து வைத்துவிட்டுப் போவதுபோல் அவ்வளவு சுலபமாக இருந்தது.

"முன்னெல்லாம் ஆமை, இப்ப முந்திரிக்கொட்டை," என்று சிரித்தார் இன்சார்ஜ். "இப்படியே போ கிளி. உன் சீட்டை எவளும் அசைக்க முடியாது."

அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, காகிதத்தில் இருந்த வசனத்தைப் பார்த்தாள். 'நகராதே, சுட்டுவிடுவேன்' என்று எழுதியிருந்தது. பதிவை ஓடவிட்டாள். 'நகராதே, நீ எங்கேயும் போக முடியாது' என்றது அவள் குரல். அப்படிப் பேசியதாக நினைவில்லை. ஆனால் நடிகையின் உதட்டசைவுக்கு அதுதான் கச்சிதமாகப் பொருந்தியது.

அடுத்த காட்சியில் ஒரு சோதனை செய்தாள். பேசக் கூடாது என்று முடிவெடுத்து உதடுகளை இறுக்கினாள். திரையில் நடிகை கையை நீட்டினாள். ஹெட்போனில் அவள் குரல், "யார் அது?" என்றது. நாக்கின் அடியில் ஏதோ கூசியது. பற்கள் விலகின. "யார் அது?" என்றாள் அவள்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

வியாழக்கிழமை கடைக்காரருக்குப் போன் செய்தாள். "என் குரல் எனக்கு முன்னாடி வருது."

"முன்னாடியா? பின்னாடி வரும் மேடம்."

"இல்லைங்க. நான் பேசுறதுக்கு முன்னாடி."

"நல்லாத் தூங்குங்க மேடம்," என்றார் அவர்.

முன்னால் ஓடுகிற குரலை இழுத்துப் பிடிக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பாத்திரத்தைப் பெரிதாக்கினால் தாமதம் கூடும், தாமதம் கூடினால் குரல் பின்னுக்கு வரும். நகர்த்தியை எண்ணில்லாத கோட்டிலிருந்து 512க்குத் தள்ளினாள். குரல் பின்னுக்கு வரவில்லை. ஒரு சொல் முன்னால் இருந்தது இப்போது ஒரு வாக்கியம் முன்னால் போனது. பாத்திரம் பெரிதாகியிருந்தது, ஆனால் தாமதம் எதிர்ப்பக்கமாகச் சேர்ந்தது. பதறிப்போய் நகர்த்தியைப் பழைய இடத்துக்கே இறக்கினாள். போன குரல் போனதுதான்.

பழைய இன்டர்ஃபேஸை எடுத்து மாட்டினாள். அன்று பகல் முழுக்கப் பேசியதை இன்சார்ஜ் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: சடசடப்பு, தாமதம், இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கணவன் கதவோரம் நின்று தலையைச் சொறிந்துகொண்டே, "என்ன, கிளிக்கு றெக்கை ஒடிஞ்சுதா? அக்காவுக்குப் போன் போடவா?" என்றான். உள்ளறையில் மகள் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், அப்பா விழித்துவிட்டது தெரியாமல், உதடு மட்டும் அசைகிற அளவுக்கு மெதுவாக.

வெள்ளிக்கிழமை காலை அவள் கறுப்புப் பெட்டியைத் திரும்ப மாட்டினாள்.

மதியத்துக்குள் மூன்று எபிசோடுகள் முடிந்தன. இப்போது குரல் நான்கைந்து வாக்கியங்கள் முன்னால் இருந்தது. அது பேசுவதுதான் பதிவானது. அவள் பின்னால் பேசியபோது திரையில் பதிவைக் காட்டும் ஒலிக்கோடு அசையவே இல்லை என்பதைக் கவனித்தாள். பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். இன்னும் ஒரு எபிசோடு. மாலைக்குள் அனுப்பிவிட்டால் போதும். பிறகு இந்தப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடலாம். ஹெட்போன் மெத்தைக்குள் காதுகள் வியர்த்தன. எங்கோ தொலைவில், ரப்பருக்கு அப்பால், வெளிக்கதவின் மணி அடித்தது. மகள் பள்ளியிலிருந்து வந்திருப்பாள்.

பிறகு ஹெட்போனில் நாத்தனாரின் குரல் கேட்டது.

"என்னடா, உன் பொண்டாட்டி எங்க? பொட்டிக்குள்ளயா?"

"எப்பவும் அங்கதான்," என்றான் கணவன். "இந்த மைக்ல பேசு, கேட்கும். ஆனா ஒத்துக்க மாட்டா. நீ வீணா வந்திருக்க."

"நான் கேட்டுப் பாக்குறேன். காரைக் கீழயே நிறுத்தியிருக்கேன். அட்மிஷன் நாளைக்குத்தான் கடைசி." மேசை மைக்கை இழுக்கும் கரகரப்பு. "என்னம்மா, நான்தான் பேசுறேன். குட்டியக் கூட்டிட்டுப் போகலாமா?"

வேலை இருக்கிறதே. வேலை போகவில்லையே. அவள் மைக்கை நோக்கிப் பாய்ந்தாள். 'முடியாது' என்ற சொல் தொண்டைக்கு வந்தது.

"கூட்டிட்டுப் போங்க அக்கா," என்றது ஹெட்போனில் அவளுடைய குரல். "நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன்."

ஹாலில் கணவன் சிரித்தான். "அடேயப்பா! மழைதான் வரப்போகுது."

"முடியாது!" என்று கத்தினாள். "முடியாது, நான் சொல்லலை!" பஞ்சுமெத்தை அதை விழுங்கிக்கொண்டது. திரையில் கோடு நேராக இருந்தது. எறும்பு அளவுகூட அசையவில்லை.

"துணியெல்லாம் நீல பேக்ல வெச்சிடுங்க," என்றது குரல். "ராத்திரி லைட்டை அணைச்சா பயப்படுவா. ரெண்டு நாள் அழுவா. அப்புறம் பழகிடும்."

அது எழுதி வைத்ததைப் படிக்கும் குரல் அல்ல. அவள் மகளைத் தூங்கவைக்கும்போது பேசுகிற குரல். அந்த இளக்கம், அந்தச் சிறிய இருமல், எல்லாம்.

மைக்கின் வயரைப் பிடித்து இழுத்தாள். முனை கழன்று கையோடு வந்தது. குரல் நிற்கவில்லை. மவுஸைத் தேடிப் பிடித்து, பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி. மறுபடி. ஒலிக்கோடு மலைபோல் எழுந்து தணிந்து எழுந்து ஓடியது. கதவை முட்டியால் அறைந்தாள். தோளால் மோதினாள். கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள். விரலை விட்டாள். நகம் மடங்கியது.

"உள்ள என்ன தட்டுற சத்தம்?" என்றாள் நாத்தனார்.

"சண்டை சீன் அக்கா," என்றது குரல், சிரித்துக்கொண்டே.

"அம்மா." மகள். மேசை மைக்குக்கு எட்டாமல் எம்பி நின்றுகொண்டு பேசுகிறாள் என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது. "அம்மா, நான் போகலைம்மா. நீ வெளிய வாம்மா."

வருகிறேன். வருகிறேன் கண்ணே. தாழை எடு. நீ எடு.

"டேக் போயிட்டிருக்குடா குட்டி," என்றது குரல். "கதவைத் திறந்தா எல்லாம் வீணாயிடும்னு உனக்குத் தெரியும்ல? அம்மா வேலை போயிடும்ல?"

மகளுக்குத் தெரியும். கிளிதான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"நான் சத்தமே போட மாட்டேன்மா." விசும்பல். "பென்சில்கூட எடுக்க மாட்டேன்."

"சமத்து. போயிட்டு வாடா."

காலடிகள். இழுபடும் பை. மேசை மைக்கில் எதுவோ உரசியது, கன்னமாக இருக்கலாம், பிறகு அது விலகியது. வெளிக்கதவு. கணவனின் குரல், தொலைவில்: "படியில பாத்து, அக்கா."

ஹெட்போனைக் கழற்றி வீசினாள். நிசப்தம். அடித்தொண்டையிலிருந்து எழுந்து வந்த ஓலத்தை வெளியே விடுவதற்காக வாயைத் திறந்தாள்.

"கூட்டிட்டுப் போங்க அக்கா," என்றாள் அவள்.

அவள் சொல்லவில்லை. அவள் வாய் சொன்னது. இளக்கமாக. இப்போதுதான் அதற்கு நேரம் வந்திருந்தது.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குக் கீழே உதடுகள் அசைந்தன. "துணியெல்லாம் நீல பேக்ல." கடித்தாள். இரத்தம் உப்பாக இருந்தது. "பழகிடும்." யாரும் கேட்காத அந்த இருட்டில், ஒரு சொல் பிசகாமல், சிறிய இருமலைக்கூட விடாமல், அவளுடைய வாய் சொல்லிக்கொண்டே வந்தது. அதோ அந்தச் சிரிப்பு. அதோ 'டேக் போயிட்டிருக்குடா.'

காலடியில் கிடந்த ஹெட்போனில் குரல் அதற்குள் வெகுதூரம் போய்விட்டிருந்தது. அதை எடுத்துக் காதில் வைத்தாள். 'முடிஞ்சுது, திறங்க' என்று அது எப்போதாவது சொல்லத்தானே வேண்டும். அதற்காகக் காத்திருந்தாள்.

நான்காவது எபிசோடைப் பேசியது. முடித்தது. கணவன் வேலைக்குக் கிளம்பும்போது, "திறக்கட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாங்க," என்றது குரல். "இன்னும் நிறைய இருக்கு. நீங்க கிளம்புங்க."

பிறகு அடுத்த எபிசோடைத் தொடங்கியது. அதற்கு இன்னும் காட்சியே வந்திருக்கவில்லை. திரை கறுப்பாக இருந்தது. கறுப்பின் கீழே ஒலிக்கோடு ஓடியது. அவள் உதடுகள் இருட்டில் அசைந்தன. "சமத்து," என்றன. "போயிட்டு வாடா."

நான்கு எபிசோடுகளும் மாலைக்குள் போய்ச் சேர்ந்தன. இன்சார்ஜ் எதையும் திருப்பி அனுப்பவில்லை. சனிக்கிழமை காலை குழந்தை விடுதியில் சேர்க்கப்பட்டாள். அன்று மாலை அவன் ஹால் ஸ்பீக்கரருகே போனைப் பிடிக்க, குழந்தையிடம் அம்மா நன்றாகவே பேசினாள் என்று நாத்தனார் தம்பியிடம் சொன்னாள். கூண்டுக்கு உள்ளிருந்து வேலை நடக்கும் சத்தம் ஹாலில் கேட்டுக்கொண்டிருந்ததால் அவன் கதவைத் திறக்கவில்லை.